கீலும் தாரும்: ஒரு வெடிப்பின் வரலாறு

சாலைகளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் சாலையை இட்டவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். இட்ட சாலை வெடித்தபின் குனிந்து நின்று அந்த வெடிப்பை அடைத்தவனைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பழுது பார்த்தலுக்குக் கல்வெட்டு ஏது? ஆயினும் ஒரு தளம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை முடிவு செய்வதில் இட்டவனுக்குள்ள பங்கைவிட அடைத்தவனுக்குள்ள பங்கு குறைந்ததன்று. இக்கட்டுரையில் நாம் காணப் புகுவது அந்த இரண்டாமவனின் வரலாற்றில் ஒரு சிறு பகுதி. அமெரிக்க நாட்டின் கடைத்தொகுதிகள், அலுவலக வளாகங்கள், அடுக்ககங்கள் ஆகியவற்றின் முன்னே விரிந்து கிடக்கும் கரிய வாகன நிறுத்துமிடங்களில் தோன்றும் வெடிப்புகளை மனிதர் எவ்வாறு அடைக்க முயன்றனர், அம்முயற்சியில் எங்கே பிழைத்தனர் என்பதே நம் பொருள்.

இதில் இலக்கிய அன்பர்களுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். இந்த வரலாற்றின் நடுவே கிடப்பது ஒரு சொற்குழப்பம். ஒரே நிறங்கொண்ட இரு பொருள்களை ஒரே பெயரால் அழைத்ததன் விளைவை ஒரு நகரத்தின் ஓடைகள் ஏற்க நேர்ந்தது. சொற்பொருள் விளக்குவதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு கிடைப்பது அரிது.

இரண்டு கருமைகள்

'கீல்' என்னும் சொல்லுக்கு நம் அகராதிகள் தரும் பொருள்களுள் இரண்டு இங்கே கருதத்தக்கன. ஒன்று மூட்டு, பொருத்து. கீல்வாதம் என்னும் நோய்ப்பெயரில் அப்பொருள் இன்றும் வழங்குகிறது. மற்றொன்று கரிய பசை. நிலத்தினின்று கிடைக்கும் கீல் ஆதலின் 'நிலக்கீல்' என்ற கலைச்சொல்லை அறிஞர் அமைத்தனர். மூட்டையும், மூட்டை அடைக்கும் பசையையும் ஒரே ஒலியால் குறிக்கும் வாய்ப்பு தமிழுக்குத் தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் நம் கட்டுரைக்கு இதைவிட நல்ல தலைப்புச் சொல் கிடையாது.

'தார்' அவ்வாறன்று. பூமாலையைக் குறிக்கும் தாரும் வாழைத்தாரும் நம்முடையவை. சாலையில் உருக்கி ஊற்றும் தார் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அது வரும்போதே ஒரு குழப்பத்தையும் உடன் கொண்டுவந்தது. வேதியியலார் கூற்றுப்படி நிலக்கீல் வேறு, தார் வேறு. நிலக்கீல் இயற்கையாக ஊறுவது. அல்லது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்குவது. தார் என்பதோ, நிலக்கரியைக் காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கல்கரியும் எரிவாயுவும் எடுக்கும்போது உடன் கிடைக்கும் கழிவு. இரண்டும் கருமை, இரண்டும் ஒட்டும், சூட்டில் இரண்டும் இளகும். ஆனால் உள்ளியல்பில் இரண்டும் பெரிதும் வேறுபட்டவை. நம் நாட்டில் இன்று 'தார்ச்சாலை' என வழங்கும் சாலைகளில் இடப்படுவதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் நிலக்கீலே. பெயர் ஒன்றைச் சொல்ல, பொருள் மற்றொன்றாக இருக்கிறது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

அடைக்க வந்தது தளமான கதை

நிலக்கீல் மனித வரலாற்றில் நுழைந்தது தளமாக அன்று, அடைபொருளாகவே. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள் செங்கற் சுவருக்குப் பின்னே நிலக்கீல் அடுக்கு ஒன்றை வைத்து நீர்க்கசிவைத் தடுத்தனர். யூப்ரடீசு ஆற்றங்கரையில் நிலக்கீல் ஊறும் ஊரொன்றைப் பற்றி எரோடோட்டசு குறித்துள்ளார். பாபிலோனின் மதிற்சுவர்களுக்கு அங்கிருந்தே நிலக்கீல் சென்றது என்பது அவர் கூற்று. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நெபுகத்நேசர் தன் ஊர்வல வீதியை அமைத்தபோது சுட்ட செங்கல்லை நிலக்கீலில் பதித்து அதன்மேல் கற்பலகை பரப்பினான். அங்கும் நிலக்கீல் இருந்தது கல்லுக்கும் கல்லுக்கும் இடையில்தான். மக்கள் மிதித்து நடந்தது கல்லின்மீது.

1595-இல் வால்டர் ராலே டிரினிடாட் தீவில் இறங்கியபோது அங்கிருந்த கீலேரியைக் கண்டார். ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்பில் கரிய பசை தானாக ஊறி நிற்கும் இடம் அது. தன் கப்பல்களின் பலகை இடுக்குகளை அப்பசையால் அடைத்துப் பார்த்து, வெயிலுக்கு உருகாத நல்ல பொருள் எனப் பாராட்டி எழுதினார். ஆக, பல்லாயிரம் ஆண்டுகள் இப்பொருளின் பணி ஒன்றே: இரண்டு பொருள்களுக்கு நடுவே நீர் புகாமல் காத்தல்.

அடைபொருள் தானே தளமாக மாறியது 19-ஆம் நூற்றாண்டில். 1854-இல் பாரிசின் பெர்ழேர் தெருவில் நிலக்கீல் ஊறிய பாறைப் பொடியைச் சூடாக்கி இடித்துப் பரப்பினார்கள். 1870-இல் பெல்சிய நாட்டு வேதியியலாளரான எட்வர்ட் டி சுமெட் அமெரிக்காவின் நியூவர்க் நகரில் வில்லியம் தெருவில் மணலும் நிலக்கீலும் கலந்த தளத்தை இட்டார். 1876-77-இல் வாசிங்டன் நகரின் பென்சில்வேனியா பெருவீதி இவ்வகைத் தளம் பெற்றது. அதில் ஒரு பகுதிக்கு டிரினிடாட் ஏரியின் கீல் பயன்பட்டது. ஆம்சி பார்பர் என்பார் 1883-இல் இதற்கெனவே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1888-இல் அந்த ஏரியையே குத்தகைக்கு எடுத்து நாடெங்கும் நகர வீதிகளைக் கருப்பாக்கினார்.

அக்காலத்து ஒப்பந்தங்களில் நாம் கவனிக்க வேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. தளம் இட்டவரே குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அதைப் பழுது பார்த்துத் தர வேண்டும் என்று நகராட்சிகள் உறுதி வாங்கின. பெரும்பாலும் 5 ஆண்டுகள். சில இடங்களில் அதனினும் கூடுதல். இட்டவனும் அடைத்தவனும் ஒருவனாகவே இருந்த காலம் அது. தளம் ஏன் வெடிக்கிறது என்று அறிய வேண்டிய கட்டாயம் இட்டவனுக்கே இருந்ததால் அறிவு வளர்ந்தது. வாசிங்டன் நகர நிர்வாகத்தில் நிலக்கீல் ஆய்வாளராக இருந்து பின் பார்பர் நிறுவனத்துக்குச் சென்ற கிளிஃபோர்ட் ரிச்சர்ட்சன் 1905-இல் வெளியிட்ட நூல் நிலக்கீல் தளங்களைப் பற்றிய முதன்மை நூலாக நெடுங்காலம் விளங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் எண்ணெய் ஆலைகளின் நிலக்கீல் பெருகி, ஏரிக் கீலைப் பின்னுக்குத் தள்ளியது.

மற்றொரு கருமையின் வரவு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இலண்டனின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவால் எரிந்தன. வாயு ஆலை பெருகப் பெருக, தேவையற்ற தாரும் மலைபோல் பெருகியது. 1856-இல் வில்லியம் பெர்க்கின் அதிலிருந்து பிறந்த பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் கண்டபின் அது வேதியியலாரின் புதையலாயிற்று. மிஞ்சியதைச் சாலைப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டனர். எட்கர் ஊலி என்னும் பொறியாளர் 1902-இல் தாரையும் இரும்பாலைக் கசடையும் கலந்து சாலையிடும் முறைக்கு உரிமம் பெற்றார். 'டார்மாக்' என்னும் பெயர் அதிலிருந்து பிறந்தது. பின்னர் இயற்கை எரிவாயு வந்து வாயு ஆலைகள் மூடப்பட்டன. தார் சாலையைவிட்டு நீங்கியது. பெயர் மட்டும் நீங்கவில்லை.

தளம் ஏன் வெடிக்கிறது?

நிலக்கீல் தளம் என்பது கல்லும் மணலும் பெரும்பங்கும், அவற்றைப் பிணைக்கும் நிலக்கீல் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கும் கொண்ட கலவை. அந்த ஐந்து பங்குதான் நெகிழ்ச்சியைத் தருகிறது. காற்றிலுள்ள ஆக்சிசனும் வெயிலும் அதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இறுக்குகின்றன. இறுகிய நிலக்கீல் குளிரில் சுருங்கும்போது நீளாமல் பிளந்துவிடுகிறது. இவ்வாறு குறுக்கே ஓடுவது குளிர்வெடிப்பு. கட்டம் கட்டமாகப் பிளப்பது முதுமையின் அடையாளம். கீழேயுள்ள பழைய கற்காரையின் இணைப்பு மேலே வந்து தோன்றுவதும் உண்டு. பளு தாங்காமல் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கி முதலையின் தோல் போலத் தோன்றுவது தளர்ச்சி வெடிப்பு. முதல் மூன்றும் பெரும்பாலும் மேற்பரப்பின் நோய். கடைசியானது அடித்தளத்தின் நோய்.

பளுவைப் பற்றி அறிவுலகுக்குத் தெளிவு தந்தது 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே நடந்த பெருஞ்சோதனை. தனியாக அமைத்த தடங்களில் சுமையுந்துகளை இரவுபகலாக ஓட்டித் தளத்தின் அழிவை அளந்தார்கள். அச்சின் பளு கூடக்கூட அது செய்யும் கேடு ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது அதில் பெற்ற விதி. 1 டன் அச்சைவிட 8 டன் அச்சு 8 மடங்கு அன்று, 4,000 மடங்குக்கும் மேலாகத் தளத்தைத் தளர்த்துகிறது. எனவே கடைத்தொகுதியின் நிறுத்துமிடத்தில் ஆயிரம் கார்கள் வந்து நிற்பதால் கேடு சிறிதே. பின்வாசலில் சரக்கிறக்கும் லாரியும் குப்பை அள்ளும் வண்டியும் செல்லும் தடத்தில்தான் முதலைத்தோல் தோன்றும். மற்ற இடங்களை அழிப்பவை வெயிலும் குளிரும் நீரும்.

இவற்றுள் நீரே முதற்பகை. வெடிப்பின் வழியே இறங்கும் மழைநீர் அடியிலுள்ள மண்ணைச் சேறாக்குகிறது. குளிர்நாட்டில் அந்நீர் உறையும்போது பருமனில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்துப் பிளவை அகற்றுகிறது. உருகும்போது வெற்றிடம் விடுகிறது. அதன்மேல் சக்கரம் ஏறினால் பள்ளம். விரல் நுழையாத பிளவு சில குளிர்காலங்களில் ஆளைத் தடுக்கிவிடும் குழியாவது இப்படித்தான்.

கடைத்தெரு தந்த கருங்கடல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடைத்தெரு நகர நடுவைவிட்டுப் புறநகருக்குச் சென்றது. 1956 அக்டோபரில் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனா நகரில் சவுத்டேல் என்னும் மூடிய கடைத்தொகுதி திறக்கப்பட்டது. வியன்னாவில் பிறந்த விக்டர் குரூன் அதன் கட்டடக் கலைஞர். உள்ளே ஆண்டு முழுவதும் வசந்தம் நிலவும் வண்ணம் வெப்பத்தை ஒரே அளவில் வைத்தார்கள். வெளியே 5,000 கார்களுக்கு மேல் நிற்கும் நிறுத்துமிடம் மினசோட்டாவின் கடுங்குளிரையும் கோடை வெயிலையும் மாறிமாறித் தாங்கியது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் இவ்வடிவம் நாடெங்கும் பரவியது.

பொதுச் சாலைக்கு ஒரு பொறியாளரும் ஆண்டு வரவுசெலவும் உண்டு. தனியார் நிறுத்துமிடத்துக்கு இருப்பவர் பெரும்பாலும் ஒரு மேலாளர் மட்டுமே. தளத்தின் செலவைக் கடைக்காரர்களிடம் பொதுப் பராமரிப்புக் கட்டணமாகப் பங்கிட்டு வாங்கும் வழக்கம் பரவியதால், செலவைக் கட்டுபவர் ஒருவராகவும் தீர்மானிப்பவர் வேறொருவராகவும் ஆயினர். முந்தைய நூற்றாண்டில் இட்டவனே பழுது பார்த்த உறவு இங்கே அறுந்தது. கடைக்கு வருபவரின் கண்ணில் படுவது தளத்தின் நலம் அன்று, அதன் தோற்றம். சாம்பல் பூத்துக் கிடக்கும் தளத்தைப் பார்த்தால் கடையும் சரியில்லை என்று அவர் நினைத்துவிடுவாரோ என்பதே உரிமையாளரின் அச்சம். இந்த அச்சத்திலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று வெடிப்பை அடைக்கும் வழி. மற்றொன்று முழுத் தளத்துக்கும் கருமை பூசும் வழி.

அடைக்கும் கலை

முதல் வழியில் நினைக்கத்தக்கவர் சார்லசு மெக்டொனால்டு. அரிசோனாவின் ஃபீனிக்சு மாநகராட்சியில் பொருளியல்பு ஆய்வுப் பொறியாளராக இருந்தவர். பயணத்தின்போது தாம் தங்கிய இழுவை வண்டியின் கூரை பிளந்ததாம்; நிலக்கீல் கொண்டு அடைத்தால் அது இறுகி மீண்டும் மீண்டும் வெடித்ததாம்; பழைய டயரின் ரப்பர்த் தூளைக் கலந்து பார்க்கும் எண்ணம் அப்போது தோன்றியது என்பர். 1960-களில் சூடான நிலக்கீலில் ரப்பர்த் தூளைக் கலந்து முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிட்டு, வெடித்த சாலைகளின்மேல் ஒட்டுப் போட்டார். குளிரில் நீளவும் வெயிலில் வழியாமல் நிற்கவும் வல்ல அடைபொருள்களின் குடும்பத்துக்கு அவர் ஒரு முன்னோடி.

1991-இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து இடங்களில் வெடிப்பை அடைக்கும் பொருள்களையும் முறைகளையும் ஒப்பிடும் கள ஆய்வு தொடங்கியது. டெக்சாசின் அபிலீன், வாசிங்டன் மாநிலத்தின் எல்மா, கான்சாசின் விச்சிட்டா, அயோவாவின் டி மாயின், ஒன்டாரியோவின் பிரெசுகாட் என வெவ்வேறு தட்பவெப்பம் கொண்ட ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அடைத்த வெடிப்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து வழிகாட்டி நூல் எழுதினார்கள்.

அதன் சாரத்தை எளிமையாகச் சொல்லிவிடலாம். முதலில் வெடிப்பு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஓராண்டின் குளிருக்கும் வெயிலுக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ திறந்து மூடினால் அது உயிருள்ள வெடிப்பு. அதற்கு நீளும் தன்மையுள்ள ரப்பர் கலந்த பொருள் வேண்டும். அசையாததற்குச் சாதாரண நிரப்பு போதும். அடுத்து, பிளவின் வாயை எந்திரத்தால் சீரான கால்வாயாக வெட்டி அகலப்படுத்த வேண்டும். ஒடுங்கிய பிளவில் இட்ட பொருளுக்கு நீள இடமிராது. பின் தூசும் ஈரமும் போகச் சூடான காற்றைப் பீய்ச்சி, அந்தச் சூடு ஆறுமுன் அடைபொருளை ஊற்ற வேண்டும். கோடையில் வெடிப்பு மூடிக்கிடக்கும். கடுங்குளிரில் அகன்று விரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே, இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ, வெடிப்பு பாதி திறந்திருக்கும்போது அடைப்பதே முறை. முதலைத்தோலுக்கு இம்மருந்து பயன்படாது. அங்கே தளத்தை வெட்டி எடுத்து அடித்தளத்தைச் செப்பனிட்டுப் புதிதாக இட வேண்டும்.

தளத்தின் நிலையை 0 முதல் 100 வரை மதிப்பெண் தந்து குறிக்கும் அளவுகோல் ஒன்றும் உண்டு. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 1970-களில் உருவாக்கியது அது. சாலைக்கும் நிறுத்துமிடத்துக்கும் பொதுவான தரமுறையாகப் பின்னர் ஏற்கப்பட்டது. தளத்தின் மதிப்பெண் முதலில் மெல்லக் குறையும். ஒரு கட்டத்துக்குப் பின் செங்குத்தாகச் சரியும். சரிவுக்கு முன் அடைத்தால் சிறு செலவு, பின் என்றால் புதுத்தளத்தின் செலவு. இதை அறிந்தும் உரிமையாளர் பலர் அடைக்கத் தயங்கினார்கள். அடைத்த தளம் கருங்கோடுகள் நெளியும் வரைபடம் போலத் தோன்றும். செலவழித்தபின் முன்னைவிட அழகு குறைந்துவிட்டதே என்று எண்ணத் தோன்றும்.

பூசும் வழி

அந்த எண்ணத்துக்கு விடையாகச் சந்தையில் நின்றது மேற்பூச்சு. நீர்கலந்த கரிய குழம்பைத் தளம் முழுவதும் தெளித்தோ தேய்த்தோ பரப்பினால் மறுநாள் பழைய தளம் புதியதாகிவிடும். அதன்மேல் வெள்ளைக் கோடுகள் இட்டால் திறப்பு விழா நாள் போலவே இருக்கும். வெயிலையும் எண்ணெய்ச் சிதறலையும் ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் தாள் தடிமனுள்ள அந்தப் பூச்சு அசையும் வெடிப்பை அடைக்க வல்லதன்று. அடுத்த குளிரிலேயே பிளவு மேலே தெரியும். வெடிப்பை அடைத்தபின் பூசுவோரும் உண்டு. அடைக்காமல் பூசி மறைத்தோரும் உண்டு.

இப்பூச்சு இரண்டு வகை. ஒன்று நிலக்கீலால் ஆனது. மற்றொன்று நிலக்கரித் தாரால் ஆனது. எஃகு ஆலைகளும் கல்கரி உலைகளும் மிகுந்த நாட்டின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் தார்ப் பூச்சு மலிவாகக் கிடைத்தது. மேற்கில் நிலக்கீல் பூச்சே வழக்கமாயிற்று. தாருக்கு ஒரு சிறப்புண்டு: பெட்ரோலும் எண்ணெயும் சிந்தினால் நிலக்கீல் கரையும், தார் எளிதில் கரையாது. வாங்குவோருக்கு இரண்டும் கருப்புப் பூச்சுதான். சாலையைவிட்டு நீங்கிய தார் நிறுத்துமிடத்தின் வழியே மீண்டும் வந்தது இவ்வாறு.

தாரின் குணம் உலகுக்குத் தெரியாததன்று. 1775-இலேயே பெர்சிவல் பாட் என்னும் இலண்டன் மருத்துவர் புகைக்கூண்டு துப்புரவாளரின் புற்றுநோய்க்குக் கரிப்புகையைக் காரணம் காட்டினார். 1915-இல் தோக்கியோவில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரை மீண்டும் மீண்டும் தடவிப் புற்றைத் தோற்றுவித்துக் காட்டினர். 1930-களில் இலண்டன் ஆய்வாளர்கள் தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் பொருளைப் பிரித்து, புற்றுக்குக் காரணமானவற்றுள் அது ஒன்று என நிறுவினர். வளையங்கள் பிணைந்த இவ்வகைப் பொருள்களின் தொகுதியைப் பாலிசைக்ளிக் அரோமாடிக் ஐட்ரோகார்பன்கள் என்பர், பி.ஏ.எச். எனச் சுருக்குவோம். நிலக்கீல் பூச்சைவிடத் தார்ப் பூச்சில் இவை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதி. மருத்துவ உலகம் அறிந்த இச்செய்தி நிறுத்துமிடத்துக்குப் பூசியவரின் காதுக்கு எட்டவே இல்லை.

ஆசுடின் நகரின் ஓடைகள்

டெக்சாசின் தலைநகரான ஆசுடினில் பார்ட்டன் ஊற்று என்னும் நீரூற்று உண்டு. மக்கள் நீந்தி மகிழும் இடம். உலகில் வேறெங்கும் காணப்படாத சிறு சாலமாந்தர் இனம் ஒன்றின் இருப்பிடமும் ஆகும். 1997-இல் அவ்வினம் அழிவின் விளிம்பில் உள்ளதாக நடுவண் அரசால் அறிவிக்கப்பட்டது. அப்பகுதி ஓடைகளின் வண்டலில் பி.ஏ.எச். அளவுக்கு மீறி இருப்பது தெரியவந்ததும் கவலை எழுந்து, 2003-இல் ஊற்றுக்குளம் சில காலம் மூடப்பட்டது. ஆலைகள் இல்லாத பகுதி. எனில் நஞ்சு எங்கிருந்து வந்தது?

மாநகராட்சியின் சுற்றுச்சூழல் அலுவலர்கள் ஓடையில் மேல்நோக்கிச் சென்று தேடியபோது, சுவடு வணிக வளாகங்களின், அடுக்ககங்களின் நிறுத்துமிடங்களுக்கு அழைத்துச் சென்றது. தேய்ந்த மேற்பூச்சின் கரிய துகள்கள் மழையோடு வடிகாலில் இறங்கியிருந்தன. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் பார்பரா மேலர், பீட்டர் வான் மீட்டர் ஆகியோர் மாநகராட்சியோடு இணைந்து, நிறுத்துமிடங்களில் நீர் தெளித்து, ஓடிவந்த நீரிலுள்ள துகள்களை அளந்தனர். 2005-இல் வெளிவந்த முடிவு இது: தார் பூசிய இடங்களின் துகளில் பி.ஏ.எச். சராசரியாக ஒரு கிலோவுக்கு 3,500 மில்லிகிராம். பூச்சற்ற இடங்களைவிட ஏறத்தாழ 65 மடங்கு. நகரத்து நீரில் இப்பொருள் பெருகுவதற்கு வாகனப் புகையே முதற்காரணம் என்று அதுவரை நம்பியிருந்தார்கள்.

2006 சனவரி முதல் நாளிலிருந்து ஆசுடின் மாநகரம் தார் மேற்பூச்சைத் தடை செய்தது. அமெரிக்காவில் இவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. தொழில்துறையினர் முடிவுகளை மறுத்தனர். தடைக்கு முன்னும் பின்னும் வண்டலில் வேறுபாடு இல்லை என்று அவர்கள் தரப்பில் ஆய்வுக்கட்டுரையும் வந்தது. வண்டல் ஒரே நாளில் மாறக்கூடியதன்று; பழைய பூச்சு தேய்ந்து தீரும்வரை துகள் வந்துகொண்டேயிருக்கும். 2014-இல் மேலரும் வான் மீட்டரும் நகரின் நடுவேயுள்ள ஏரியின் படிவுகளை அடுக்கடுக்காக ஆராய்ந்து, தடைக்குப் பின் பி.ஏ.எச். கணிசமாகக் குறைந்துவிட்டதைக் காட்டினர்.

2009-இல் வாசிங்டன் டி.சி., 2011-இல் வாசிங்டன் மாநிலம் எனத் தடை பரவியது. சவுத்டேல் நின்ற மினசோட்டாவில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. புறநகர் வளாகங்களின் மழைநீரை வாங்கும் குளங்களைத் தூர்வாரும் காலம் வந்தபோது, வண்டலில் பி.ஏ.எச். மிகுந்திருந்ததால் அதைச் சாதாரண மண்ணாகக் கொட்ட முடியவில்லை; தனியிடத்தில் புதைக்கும் செலவு நகராட்சிகளின் தலையில் விழுந்தது. 2014 சனவரி முதல் அம்மாநிலமும் தடை செய்தது. உரிமையாளர் மலிவாகப் பூசியதன் விலையில் ஒரு பகுதியை, அந்தத் தளத்தில் ஒருநாளும் கால் வைத்திராத வரிசெலுத்துவோர் கட்ட நேர்ந்தது.

எஞ்சும் கேள்வி

இந்த வரலாற்றில் தீயவர் என ஒருவரைச் சுட்ட நாம் விரும்பவில்லை. பூசியவர் பிழைப்புக்காகப் பூசினார். மேலாளர் வளாகம் நன்றாகத் தோன்ற வேண்டுமென்று பணம் தந்தார். விற்றவர் இதுவும் கருப்புதானே என்றார். தாரின் குணத்தை அறிந்த மருத்துவரும் தளத்தை அறிந்த பொறியாளரும் ஒரே மேசையில் அமர வாய்ப்பு நேரவில்லை. அவர்களைப் பிரித்ததில் சொல்லுக்கும் பங்குண்டு என்பது நம் கருத்து. இரண்டு கருமைகளுக்கும் இரண்டு பெயர்கள் ஆய்வகத்தில் இருந்தன. தெருவில் ஒரு பெயரே இருந்தது. தெருவின் சொல்லைக் கொண்டே பொருள் வாங்கப்படுகிறது, ஆய்வகத்தின் சொல்லைக் கொண்டன்று.

நம் ஊர்களிலும் இன்று வணிக வளாகங்களின் முன்னே கரிய தளங்கள் விரிகின்றன. வெடிப்பு அங்கும் வரும். அப்போது உரிமையாளரோ, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரோ கேட்க வேண்டியவை மூன்று: இந்த வெடிப்பு அசைகிறதா, அடியிலுள்ள மண் நலமா, நீங்கள் ஊற்றப்போவது நிலக்கீலா நிலக்கரித் தாரா? மூன்றாம் கேள்விக்கு "எல்லாம் தார்தான் சார்" என்று விடை வருமானால், பீப்பாயின்மேல் ஒட்டிய தாளை ஒருமுறை படித்துவிட்டுப் பணம் தருவது நல்லது. மழை பெய்தால் அந்தத் தளத்தின் நீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்பதையும் அப்போதே நடந்து சென்று பார்த்துவிடலாம்.